பொருத்தனை செய்த மூன்றாம் நாள்

ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவு ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு பிறக்கும் வேளையில் முழங்காற்படியிட்டு, இனி எந்தப் பாவத்தை விட்டு விலகுவோம் என்று ஒவ்வொருவரும் கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை செய்துகொள்வர். பெரும்பாலோர் மனத்துக்குள் சொல்வார்கள். சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வாறு வாய்விட்டுச் சொன்னவர், போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டமொன்றில் வேலை செய்பவர். இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்தவர். இன்றோடு நிறுத்திவிட்டேன் என்று அவர் தேம்பியபோது அவருடைய மனைவி அழுதார்; சபையில் பலர் அழுதனர்; நானும் அழுதேன்.

முதல் நாள் அவருடைய கைகள் நடுங்கின. தேநீர்க் குவளையை வாய்வரை கொண்டுபோக இயலவில்லை. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து அடங்கியது. மூன்றாம் நாள் மாலை, வீட்டுச் சுவரெங்கும் அட்டைகள் ஊர்வதாகச் சொல்லி அலறத் தொடங்கினார். மழைக்காலத்து ஏலக்காட்டில் காலில் ஏறும் அட்டைகளைப் பிடுங்கி எறிந்து பழகிய கைகள், இல்லாத அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தன. மனைவியை யாரென்று கேட்டார். உடம்பு கொதித்தது.

வீட்டார் எங்களுக்குச் சொல்லி அனுப்பினர். ஏழெட்டுப் பேர் சென்றோம். இத்தனை ஆண்டுகள் உள்ளே குடியிருந்த அசுத்த ஆவி வெளியேற மறுத்துப் போராடுகிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். மறுத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்த எனக்கும் தோன்றவில்லை. நான் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டேன், மற்றவர்கள் ஜெபித்தார்கள். விடியற்காலையில் அவரைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர், ஆள் வரவில்லையே என்று பார்க்க வந்தவர், வாசலில் நின்று ஒரு கணம் பார்த்தார். "சார், இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வரும். என் மச்சானுக்கு வந்தது. தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். நாங்கள் ஜெபத்தை முடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தப் பொறுமையின்மைக்காக இன்றளவும் நான் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

அவர் பிழைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்கள் கிடந்த பிறகுதான் மனைவியை அடையாளம் கண்டார். இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அங்கிருந்த மருத்துவர் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.

நான் மருத்துவன் அல்லன். அன்றுமுதல் வார்டுகளில் நோயாளிகளைச் சந்தித்து வருபவன் என்ற முறையிலும், அந்த இரவில் தவறு செய்தவர்களுள் ஒருவன் என்ற முறையிலுமே இதை எழுதுகிறேன். குடியை விடுதல் தேவபக்திக்குரிய செயல். ஆனால் நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே இரவில் நிறுத்துவது விசுவாசம் ஆகாது. தேவாலயத்து உப்பரிகையில் நின்ற இயேசுவிடம், கீழே குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யாரென்று நமக்குத் தெரியும். அவரோ குதிக்க மறுத்தார். படிக்கட்டு இருக்கும் இடத்தில் குதித்துக் காட்டுவதற்குப் பெயர் தேவனைச் சோதித்தல்.

இதன் காரணத்தை மருத்துவர்கள் எனக்கு விளக்கியவாறே சொல்கிறேன். மது மூளையின் செயலை மந்தப்படுத்துவது. ஆண்டுக்கணக்கில் அதைப் பெற்றுவந்த மூளை, அந்த மந்தத்தை ஈடுசெய்யத் தன்னை எப்போதும் முடுக்கிவைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பமும், காய்ச்சலும், இல்லாத பூச்சிகளையும் பாம்புகளையும் காணும் நிலையும் வரும். கவனியாது விட்டால் உயிர்போகும் நிலை அது. குடிப்பவர் எல்லாருக்கும் இப்படி வருவதில்லை; முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களுக்கு மீண்டும் வரும் ஆபத்து மிகுதி. மருத்துவமனையிலோ, நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளை முதலில் போதிய அளவு கொடுத்து, நாள்தோறும் குறைத்து, சில நாள்களில் நிறுத்திவிடுகிறார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். குடிப்பவர் உடம்பில் இச்சத்து வற்றியிருக்கும். அதைக் கொடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குத் தீங்கு நேரலாம். ஆகவேதான், களைப்பு என்று சொல்லித் தெருமுனையில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது போதாது; குடித்த விவரம் அறிந்த மருத்துவர் வேண்டும்.

அப்பொருத்தனை புத்தாண்டு இரவில் மட்டும் செய்யப்படுவதன்று. சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் லெந்துக் காலத்தில் மதுவைத் தொடாதவர்கள் நம்மிடையே பலர். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகக் காவியுடுத்தும் கத்தோலிக்கச் சகோதரர்களும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலையணியும் நம் அயல்வீட்டாரும் அவ்வாறே செய்கின்றனர். நோன்பின் நோக்கம் எவ்வளவு தூயதாயினும் உடம்பின் கணக்கு ஒன்றே. நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள். அதனால் நோன்பின் மாண்பு குறைந்துவிடாது.

இதைவிடவும் என்னை வருத்துவது வேறொன்று. கால் முறிந்தோ, குடலிறக்க அறுவைக்காகவோ, காய்ச்சலுக்காகவோ ஒருவர் சேர்க்கப்படுகிறார். குடிப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளி மனைவியைப் பார்க்கிறார். மனைவி, உடன் வந்திருக்கும் சபை மூப்பரைப் பார்க்கிறார். "எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை அய்யா" என்று பதில் வருகிறது. மூன்றாம் நாள், கட்டுப்போட்ட காலோடு அவர் கட்டிலைவிட்டு இறங்கி ஓட முயலும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அதற்குள் அவருக்குக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்தின் அளவும், வலி மாத்திரையின் தேர்வும், ஈரலைப் பற்றிய கணிப்பும் அந்த ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டிருக்கும். காசநோய்க்கு மருந்து உண்பவரிடத்திலும், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரிடத்திலும் இந்தப் பொய்யின் விலை இன்னும் கூடுதல்.

கிறிஸ்தவக் குடும்பங்களில்தான் இவ்வாறு மறைப்பது அதிகமோ என்று சில சமயம் ஐயுறுகிறேன். குடி பாவம் என்று உரக்கப் போதித்திருக்கிறோம். குடியைப் பற்றி உண்மை சொல்பவரை எப்படி ஏற்றுக்கொள்வது என்று போதிக்கவில்லை. விளைவாக, பாவத்துக்கு அஞ்சாதவர்கூடப் பாவி என்ற பெயருக்கு அஞ்சுகிறார். தேவபக்தியுள்ள வாழ்வின் தொடக்கம் பாவ அறிக்கை என்றால், நம்மில் சிலருக்கு அது பீடத்தின் முன்னால் அன்று, புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு முன்னால் தொடங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது: மூன்று கேள்விகள். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் மூப்பரை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் பலமுறை அவ்வாறு வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

பொய்யைப் பற்றிப் பேசுகையில் ஒரு கன்னியரின் நினைவு வருகிறது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தாமே குடியில் வீழ்ந்து 1935இல் மீண்ட டாக்டர் பாப் என்னும் அறுவை மருத்துவர், மற்றொருவரோடு சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டுறவைத் தொடங்கியிருந்தார். அக்காலத்து மருத்துவமனைகள் குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்வதை விரும்பவில்லை. 1939இல், அந்நகரத்துப் புனித தோமையார் மருத்துவமனையின் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் இக்னேஷியா, டாக்டர் பாப் அழைத்துவந்த நோயாளியைக் கடும் இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பதிவை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அவர் பொய் சொன்னது நோயாளியை மருத்துவத்துக்குள் கொண்டுவர. நாம் பொய் சொல்வது நோயை மருத்துவத்துக்குத் தெரியாமல் மறைக்க. பின்னர் அம்மருத்துவமனையிலேயே குடிநோயாளிகளுக்கென ஒரு வார்டு உண்டானது. வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அவர் திருஇருதயப் படம் பொறித்த சிறு பட்டையொன்றைக் கொடுப்பார். இனிக் குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்க மாட்டார். குடிக்கத் தீர்மானித்தால், முதல் மிடறுக்கு முன்னால் நேரில் வந்து இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார். அவ்வளவுதான் நிபந்தனை. அந்தக் கன்னியர் மனித மனத்தை நன்கு அறிந்திருந்தார் என்பேன்.

இனி, தீய சகவாசம் என்று நாம் சொல்வதைப் பார்ப்போம். மருத்துவமனையில் பத்து நாள் தெளிந்திருந்தவர் வீட்டுக்குப் போகிறார். எங்கே போகிறார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போடியிலிருந்து விடியுமுன் ஜீப் புறப்படும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மெட்டு ஏறி, சோதனைச்சாவடி தாண்டிப் பூப்பாறைப் பக்கமோ சாந்தன்பாறைப் பக்கமோ தோட்டத்தில் இறங்குகிறார். உடன் வேலை செய்வோர் பழைய கூட்டாளிகள். கூலி கைக்கு வரும் நாள் வருகிறது. இறங்கும் வழியில் ஜீப் நிற்கும் இடம் பழைய இடம். அங்கே நின்றுகொண்டு, விசுவாசத்தில் உறுதியாயிரு என்று சொன்னால் போதுமா?

பாவத்தைக் கண்டு ஓடுவது கோழைத்தனம் என்று நம் ஆண்கள் எண்ணுகிறார்கள். கடையருகில் நின்றுகொண்டே குடிக்காமல் வந்தேன் என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்; இரண்டு வாரம் சொன்னார். எகிப்தில் போத்திபாரின் வீட்டில் யோசேப்பு நின்று வாதாடவில்லை. மேலாடையை விட்டுவிட்டு ஓடினார். ஓடியதால் அவருக்கு உடனே நல்லது நடந்துவிடவுமில்லை, சிறைதான் கிடைத்தது. ஆயினும் வேதம் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. ஆகவே ஓடுவதற்கு வழிசெய்து கொடுங்கள். ஓட்டுநரிடம் சொல்லி வேறிடத்தில் இறங்கலாம். கூலியை மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கங்காணியிடம் கேட்கலாம். கூலி நாள் மாலையில் சபையார் ஒருவர் அவருடன் பேருந்து நிலையம்வரை நடந்து வரலாம். இவை ஆவிக்குரிய காரியங்களாகத் தோன்றா. ஆனால் ஒரு மாலைநேரத்து வழித்துணை, நீண்ட ஜெபம் சாதிக்காததைச் சாதித்ததை நான் கண்டிருக்கிறேன்.

மலைக்குளிருக்கு ஒரு வாய் வேண்டும் என்பார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உடம்பு சூடானதுபோல் தோன்றுகிறது. உண்மையில் உள்ளிருக்கும் சூடு தோல் வழியே வெளியேறிப் போகிறது. குளிருக்கு வேண்டியது கம்பளியும் சுக்குக் காப்பியும். அரிஷ்டம் பற்றியும் ஒரு வார்த்தை: மலைக்கு அந்தப் பக்கம் உடல்நலத்துக்கென்று அதை வாங்கிக் குடிப்போர் உண்டு. புளிக்கவைத்துச் செய்யப்படும் மருந்தாதலால் அதில் இயல்பாகவே மது உண்டு. குடியை நிறுத்த மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன வசனத்தை, வேறு எந்த வசனமும் அறியாதவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் வரும் கொஞ்சம் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார்கள். வேறு மருந்தில்லாத காலத்தில், வயிறு கெட்டிருந்த ஓர் இளைஞனுக்கு அவர் சொன்ன யோசனை அது. ஈரல் கெட்டவருக்கு அவர் அதை எழுதியிருக்கமாட்டார். அவருடன் பயணம் செய்த லூக்காவே மருத்துவர். எழுத விட்டிருக்கவும் மாட்டார்.

கடைகள் மூடப்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோரும் உளர். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003முதல் சில்லறைக் கடைகளை அரசு நிறுவனமே நடத்துகிறது. மெட்டுக்கு அப்பால் கேரளம் 1996இல் சாராயத்தைத் தடைசெய்தது. கடைகள் குறைய வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்காகக் கையெழுத்திட்டும் இருக்கிறேன். ஆனால் அரசு மூடும்வரை உங்கள் கணவரின் ஈரல் காத்திருக்காது.

கவனித்துக்கொள்வோருக்கு, குறிப்பாக மனைவியருக்கும் தாய்மாருக்கும், ஒன்று சொல்ல வேண்டும். அவர் குடிப்பது உங்கள் ஜெபக் குறைவினால் அன்று. வாசலில் நின்று அப்படிச் சொல்லும் உறவினர் இருந்தால், அந்தச் சகவாசத்தையும் சற்று விலக்கி வையுங்கள். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுடையதுமன்று, பெற்றோருடையதுமன்று என்ற பொருளில் இயேசு பதிலுரைத்தார். குடிநோயில் அவரவர் பங்கு உண்டுதான். ஆனால் உங்கள் பங்கைக் கணக்கிடும் வேலையை அக்கம்பக்கத்தாரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவருடைய கடனை அடைத்தும், வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியும் நீங்கள் காத்துவருவது அவரையன்று, அவருடைய குடியை. அதை நிறுத்தலாம், நிறுத்துவது அன்பின்மை ஆகாது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி உண்டு. துன்பத்தை நேரில் கண்டவர் என்பதால் இந்தத் தேவையை அவர் உணர்ந்திருந்தார். நமக்கு அருகில் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 உள்ளது. வலிப்போ, மனக்குழப்பமோ, இல்லாததைக் காண்பதோ தொடங்கினால் எந்த ஆலோசனையும் வேண்டாம், 108 மட்டும். வண்டி வரும்வரை ஜெபியுங்கள். தாராளமாக.

நல்ல சமாரியனின் கதையில் நாம் பெரும்பாலும் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான் என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு நாள் கூலிக்கு ஒப்பான பணத்தைக் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போனான். திரும்பி வருவதாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடியை விட்டவர் மீண்டும் ஒருமுறை விழக்கூடும், பலர் விழுகிறார்கள். பொருத்தனையை முறித்தவன் என்று சபை அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டால், அவருக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் கடையின் வாசல்தான்.

அட்டைகளைப் பிடுங்கி எறிந்த அந்தச் சகோதரர் மூன்று மாதம் கழித்து மலைக்குத் திரும்பினார். இரண்டாம் ஆண்டில் ஒருமுறை விழுந்தார். அன்று மாலை தாமே இங்கு வந்து, எவ்வளவு, எப்போது என்று மருத்துவரிடம் சொல்லிச் சேர்ந்துகொண்டார். அதன்பின் இதுவரை விழவில்லை. கூலி நாள்களில் அவருடைய ஜீப் இப்போது அந்தப் பழைய இடத்தில் நிற்பதில்லை. ஓட்டுநர் நிறுத்த மறுக்கிறார். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கேள்வி. போன வாரம் கடைத்தெருவில் அந்த ஓட்டுநரைக் கண்டேன். எங்கள் சபைக்கு ஒருநாள் வந்து பேசுங்கள் என்று அழைத்தேன். "நான் கோயிலுக்குப் போகிறவன் சார், உங்கள் சபையில் வந்து என்ன பேசுவது?" என்று சிரித்தார். அன்று விடியற்காலையில் எங்களிடம் சொன்னதையே சொன்னால் போதும் என்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.